முற்றத்துக்குப் போக இருந்த வயர்

அன்புள்ள மகனுக்கு,

நீ ஒழுங்கு செய்த இணைய வேலை முடிந்துவிட்டது. வீட்டில் இப்போது வைஃபை இருக்கிறது, வயரும் இருக்கிறது, இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் நீ வரைந்து அனுப்பிய படத்தின்படி வேலை நடக்கவில்லை. நான் அதை மாற்றிவிட்டேன். ஏன் மாற்றினேன் என்பதைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீ இடையில் "அம்மா, அம்மா" என்பாய். நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன் குரலுக்கு இரங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் எனக்கு அலுப்பு வந்ததில்லை, கோபமும் குறைவு. நீயே அதைப் பார்த்து வளர்ந்தவன். இந்த முறை எனக்கு வந்தது வேறொன்று. சோற்றுக்குள் தலைமயிர் கண்டால் வருமே, அந்த அருவருப்பு. சமைத்தவர்மேல் எவ்வளவு அன்பு இருந்தாலும் அடுத்த கவளம் தொண்டைக்குள் இறங்காது.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் வாசிக்க ஏன் விடுகிறேன் என்று கேட்பாய். எங்கள் ஒழுங்கையிலேயே இப்படி வயர் இழுத்த வீடுகள் இருப்பது இப்போது எனக்குத் தெரிய வந்திருக்கிறது. அந்த வீடுகளின் தாய்தகப்பனுக்கு அது என்ன வயர் என்று தெரியுமோ தெரியாது. அவர்களுடைய பிள்ளைகளும் வாசிக்கட்டும். உன் பெயரை நான் எழுதவில்லை. அப்பா முழுவதையும் வாசித்துப் பார்த்து எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். தான் சொன்ன பகிடிகளில் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

இந்த வருடம் நீ கனடாவில் புது வீட்டுக்குக் குடிபோனபோது ஒரு வீடியோ அனுப்பினாய். நிலக்கீழ் அறைச் சுவரில் ஒரு பெட்டி, அதற்குள் நீல நிற வயர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சீட்டு: படுக்கையறை, மகளின் அறை, வேலை செய்யும் அறை. வைஃபை வீடு முழுக்கப் போகும், ஆனால் முக்கியமான இடத்துக்கு வயர்தான் போக வேண்டும் என்று விளக்கினாய். எனக்கு அது நல்ல பாடமாகப் பட்டது. என் பழக்கப்படி அதை ஒரு வகுப்பாக மாற்றி மனதில் வைத்துக்கொண்டேன். வைஃபை என்பது ரீச்சர் கரும்பலகைக்கு முன்னால் நின்று உரத்துப் படிப்பிப்பது. முன்வாங்கில் இருக்கிறவனுக்குத் தெளிவாகக் கேட்கும், கடைசி வாங்கில் இருக்கிறவனுக்கு அரைவாசி கேட்கும், சுவருக்கு அங்கால் இருக்கிற வகுப்புக்கு வெறும் இரைச்சல்தான். வயர் என்பது ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருந்து சொல்லிக்கொடுப்பது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் போய் இருக்க நேரம் போதாது. ஆகவே எந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போவது என்று ரீச்சர் தெரிந்தெடுக்க வேண்டும். தெரிந்தெடுப்பதில்தான் அவ நல்ல ரீச்சரா என்பது தெரியும். இதை நினைத்தபோது, என் பிள்ளை எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு இலேசாகச் சொல்கிறான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்பாவின் நிலைமை உனக்குத் தெரியும் என்று எழுதத் தொடங்கிவிட்டு, எவ்வளவு தெரியும் என்று யோசிக்கிறேன். அவருடைய இருதயம் களைத்துவிட்டது. கால்கள் வீங்குகின்றன. நீட்டி நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடியே நித்திரை கொள்கிறார். குளியலறை பக்கத்தில் இருப்பதால் பின்னறையில் கட்டில் போட்டிருக்கிறோம். அந்த அறைக்குப் பழைய சுண்ணாம்புக் கல் சுவர், உன் கையை நீட்டினால் யன்னலின் மறுகரை எட்டாத அளவு தடிப்பு. ஹோலில் இருந்த பழைய கருவியின் சிக்னல் அந்தச் சுவரைத் தாண்டிப் போனதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் உன் முகம் சதுரம் சதுரமாக உடைந்து, வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். நீ "லைன் சரியில்லை அப்பா, பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். அப்பா போனைக் கீழே வைக்காமல், இவன் இப்போது என்ன சொல்ல வந்திருப்பான் என்று என்னிடம் கேட்பார். சில ஞாயிறுகளில் சுவரைப் பிடித்துப் பிடித்து ஹோலுக்கு வந்து கதிரையில் இருந்து கதைக்கப் பார்த்தார். வந்து சேர்ந்த பிறகு கதைக்க மூச்சு இருக்காது. நீ கேட்பதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவார். நீயும் அப்பா சுகமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வாய். நடக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னபின் அதுவும் நின்றுபோனது.

அதனால்தான் உன்னிடம் கேட்டேன், உன் வீட்டு அறைகளுக்கு இழுத்ததுபோல அப்பாவின் அறைக்கும் ஒரு வயர் இழுக்க ஒழுங்கு செய் என்று. நீ உடனே ஓம் என்றாய். புது இணைப்புக்கு விண்ணப்பித்தாய், நீர்வேலியில் ஒருவரை வயர் வேலைக்குப் பேசினாய், வீட்டின் படத்தையே வரைந்து அவருக்கு அனுப்பினாய். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மகன் அங்கேயிருந்து தகப்பனுக்காக இன்ரநெற் போட்டுத் தருகிறான் என்று அயலுக்கெல்லாம் சொல்லிவைத்தேன். சொன்ன வாயைக் கொப்புளிக்க வேண்டும்போல் இப்போது இருக்கிறது.

வேலைக்கு வந்தது நிரூபன். என்னிடம் விஞ்ஞானம் படித்தவன். இப்போது குடும்பக்காரன். வாழைத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு, கமரா பூட்டுவது, நெற் போடுவது என்று உடுப்பிட்டி வரைக்கும் ஓடித்திரிகிறான். படிக்கிற காலத்தில் வாய் ஓயாததற்காக அவனை நான் முன்வாங்கில் இருத்தியிருந்தேன். அந்த வாய் இன்னும் ஓயவில்லை. ஐயாவுக்கு என்று ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம் கொண்டுவந்தான். ரவுட்டர் வைப்பதற்காக நான் கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு தட்டைத் துடைத்து, பின்னல் துணி விரித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்து, "ரீச்சர், இதென்ன சாமிப் படமே கண்ணாடிக்குள்ளை வைக்க? வெளியிலை, உயரத்திலை வைச்சால்தான் நாலு பக்கமும் போகும்" என்று சிரித்தான். ஹோல் சுவரில் உயரமான ஓர் இடம் பார்த்துப் பூட்டினான். பிறகு வயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னறைப் பக்கம் போவான் என்று பார்த்தால், வெளிவிறாந்தைக்குப் போய் ஏணியை வைத்தான்.

நான் தடுத்தேன். அவன் போனை எடுத்து நீ அனுப்பிய படத்தைக் காட்டினான். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ரவுட்டரில் இருந்து ஒரு தடித்த கோடு விறாந்தைக் கூரை வளையோடு போய், முற்றத்தில் மாமரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் பெட்டியில் முடிந்தது. பெட்டிக்கு மழை படாமல் மூடி போட வேண்டும் என்றுகூடக் குறித்திருந்தாய். பின்னறைக்கு ஒரு கோடும் இல்லை. அந்தக் கட்டத்துக்குள் "வைஃபை போதும்" என்று எழுதியிருந்தாய். அந்த அறைக்கு வைஃபை போதாது என்பதால்தானே இவ்வளவு ஏற்பாடும் என்று எனக்குக் குழப்பம். ஆனாலும் தாய் மனம் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. ஒரு சக்கர நாற்காலி வாங்கி, பின்னேரங்களில் அப்பாவை முற்றத்துக்குக் கொண்டுவந்து காற்று வாங்க வைக்கலாம், அங்கே இருந்து கதைக்கட்டும் என்று மகன் நினைத்திருக்கிறான். இதை நிரூபனிடம் சொல்லவும் சொன்னேன். அவன் ஏணியில் நின்றபடியே என்னைத் திருத்தினான்.

"இல்லை ரீச்சர், உது லைவுக்கு. இப்ப வெளியிலை இருக்கிற பிள்ளையள் கனபேர் முன்னுக்கே செய்து வைக்கினம். அண்டைக்குச் சனம் கூடினால் எல்லாற்றை போனும் வைஃபையிலை ஏறும், படம் நிண்டு போகும். வயர் எண்டால் அசையாது. பந்தலும் பெட்டியும் உதிலைதானே வரும்."

மாரிக்கு முன் கூரைப் பீலி திருத்துவதைப் பற்றிச் சொல்கிற மாதிரித்தான் சொன்னான். அவன்மேல் எனக்குக் குறையில்லை. கேட்டதைச் செய்து கொடுக்கிற தொழில் அவனுடையது. எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. எந்தப் பெட்டி என்று கேட்க வாயைத் திறந்துவிட்டு மூடினேன். அதற்குள் பின்னறையில் இருந்து அப்பாவின் குரல் வந்தது. அறைக்கதவு திறந்துதான் இருந்தது. மூச்சுத்தான் அவருக்குக் குறைவு, காதுக்கு ஒரு குறையும் கிடையாது.

"தம்பி நிரூபன், தலைமாடு எந்தப் பக்கம் எண்டு அதிலை போட்டிருக்கே? வெயில் முகத்திலை அடிச்சால் படம் வடிவா வராது, பாரும்."

நிரூபன் ஏணியிலிருந்து இறங்கிவிட்டான். வயர் சுருளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். ஐயா நித்திரை என்று நினைத்தேன் என்று எனக்குக் காதோடு சொன்னான். அப்பா அவனைக் கூப்பிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருத்தி, தான் பிழையாக ஒன்றும் நினைக்கவில்லை என்றார். தபாற்கந்தோரில் இருந்த காலத்தில் எத்தனையோ மரணத் தந்திகளைத் தன் கையால் எழுதி எடுத்தவர் என்றும், ஆள் உயிரோடு இருக்கும்போதே வந்த தந்தி இதுதான் முதல் என்றும் சொல்லிச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, நான் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. பிறகு நான் குசினிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கைகளைக் கழுவினேன். அழுக்கு எதையும் நான் தொடவில்லை. ஆனாலும் கழுவ வேண்டும்போல் இருந்தது.

உன் படத்தை நான் பிறகும் பலதரம் எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு கவனமாக வரைந்திருக்கிறாய். மாமரத்தின் கிளை எதுவரை வரும், பந்தல் கால் எங்கே நடுவார்கள், கமராக்காரன் எங்கே நின்றால் முகம் தெரியும் என்றெல்லாம் யோசிக்காமல் அந்தப் பெட்டியை அந்த இடத்தில் வைத்திருக்க முடியாது. அப்பாவை நீ மனதுக்குள் கிடத்திப் பார்த்திருக்கிறாய். என்னையும் தலைமாட்டில் ஒரு பாயில் இருத்திப் பார்த்திருப்பாய். நாங்கள் இரண்டு பேரும் இங்கே பிட்டும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்துக்கொண்டு இருந்த அதே நாட்களில்.

அன்றே உன்னைக் கூப்பிட்டு, முற்றத்துக்கு வயர் எதற்கு என்று கேட்டேன். நீ படுக்கைக்குப் போகிற நேரம். நீ மறுக்கவில்லை, அதை மெச்சுகிறேன். "உணர்ச்சிவசப்படாமல் கேளுங்கோ அம்மா. பெரியப்பாவின்ரை செத்த வீட்டிலை என்ன நடந்தது எண்டு பாத்தனீங்கள்தானே? அப்பாவுக்கு அப்பிடி நடக்கக் கூடாது. கடைசியாய் நான் அப்பாவை வடிவாய்ப் பாக்கோணும்" என்றாய். உன் குரல் தழுதழுத்ததும் எனக்குக் கேட்டது. அன்பினால்தான் சொன்னாய். அதனால் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. கடைசியாக வடிவாய்ப் பார்க்க வேண்டும் என்றவன், அதற்கு முதல் பார்ப்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பெரியப்பாவின் செத்த வீட்டில் நடந்ததை நானும் மறக்கவில்லை. பிள்ளைகள் ஒருவருக்கும் வர முடியவில்லை. லைவ் எடுத்தவர் கதிரையில் ஏறி நின்று, குளறி அழுத பெண்களைப் பார்த்து, முகம் மறைக்குது, விலகுங்கோ என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. நாங்கள் வீட்டில் ஒரு போனைச் சுற்றி இருந்து பார்த்தோம். மருமகன் குடம் உடைத்து, விறகுக்கு முதுகு காட்டிக்கொண்டு, கொள்ளியைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். வைக்கப் போகிற நேரம் லைவ்காரர் கையை உயர்த்தி, "பொறுங்கோ, கனடா இன்னும் வரேல்லை" என்கிறார். அந்தப் பிள்ளை நிற்கிறான். புகை கண்ணுக்குள் அடிக்கிறது, நெருப்பு கைப்பக்கம் இறங்குகிறது, அவன் நிற்கிறான். ஐயரும் நிற்கிறார். பெரியப்பா கிடக்கிறார். எங்கள் போனிலும் படம் நின்றுபோய், பிறகு வந்தது. "வந்திட்டுது" என்று ஆறுதலோடு ஒரு குரல் கேட்டது. அது என் குரல். ஆயுளில் ஒருநாளும் பார்த்திராத சுடலையைப் பார்க்கக் கிடைத்ததில் எனக்குள்ளும் ஓர் ஆவல் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஒரே பரிசோதனையைப் பார்த்து இரண்டு மாணவர் இரண்டு முடிவு எழுதுவதை எத்தனை முறை திருத்தியிருப்பேன். அன்றைக்கு நான் எழுதிய முடிவு, ஒரு பிள்ளையை நெருப்போடு நிறுத்திவைத்தார்கள், இது மனிதர் செய்கிற காரியமில்லை என்பது. நீ எழுதிய முடிவு, சிக்னல் போதவில்லை, அடுத்த முறைக்கு வயர் இழுக்க வேண்டும் என்பது.

போனை வைத்துவிட்டு நிரூபனிடம் வயரை உள்ளே திருப்பச் சொன்னேன். அண்ணை ஏசுவாரே என்று உன்னை நினைத்துத் தயங்கினான். ஏசட்டும், வீடு இன்னும் என் பேரில்தான் இருக்கிறது என்றேன். ஹோலிலிருந்து கூரையோரமாகக் கொண்டுவந்து, பின்னறைச் சுவரைத் துளைக்க வேண்டும். அந்தக் கல்லில் மெஷின் இலேசில் இறங்கவில்லை. சுண்ணாம்புத் தூள் வெள்ளையாகக் கொட்டியது. அப்பாவை ஹோலுக்குக் கொண்டுவரக் கேட்டால், கட்டிலை விட்டு அசைய மாட்டாராம், தன் அறையில் நடக்கிற வேலையைத் தான் பார்க்க வேண்டுமாம். தூள் மூக்குக்குள் போகாமல் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பால் தலைவரை மூடிவிட்டேன். மெஷின் நின்ற இடைவெளியில் விரிப்புக்குள்ளிருந்து, "ஒத்திகை நல்லாத்தான் போகுது. ஆரும் அழேல்லை, அதுதான் குறை" என்று குரல் வந்தது. நிரூபன் சிரித்துவிட்டுக் கையால் வாயைப் பொத்தினான். நானும் சிரித்தேன். நீ இங்கே இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய். வயரின் முனையை அறைக்குள் இழுத்து, கதவுக்கு மேல் இன்னொரு சிறு கருவியைப் பூட்டினான். அதோடு அப்பாவின் அறைதான் வீட்டிலேயே சிக்னல் கூடிய அறையாயிற்று.

உன் புது வீட்டுக்கும் இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை அப்படியே விடாமல் மாற்று என்று நிரூபன் எனக்குச் சொன்னான், நீயும் செய்திருப்பாய். விருந்தாளிகளுக்கு என்று வேறொரு வைஃபைப் பெயர் வைக்கலாமாம், அதுவும் நல்லது. வயர் இழுக்கும்போது மட்டும் யாருடைய வேலைக்கு வேகம் வேண்டும் என்று பார்ப்பதோடு நிற்காதே. அந்த வீட்டில் எழும்பி வந்து கேட்க முடியாதவர் யார் என்றும் பார். இன்றைக்கு அது ஒருவருமில்லை. நாளைக்கு உன் மாமியாராக இருக்கலாம், காய்ச்சலில் கிடக்கிற உன் மகளாக இருக்கலாம், ஒருநாள் நீயாகவும் இருக்கலாம். அந்த அறைக்கு முதலில் இழு. மற்றவர்கள் எழும்பி நடந்து வருவார்கள்.

வேலை முடிந்த ஞாயிறு நீ கூப்பிட்டாய். முகம் உடையவில்லை. உன் காதோர நரை தெரிந்தது. அப்பா போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, இவனுக்கு நரைச்சுப் போச்சு என்று, தனக்கு ஏதோ பரிசு கிடைத்ததுபோல என்னிடம் சொன்னார். அதே நேரம் நீ அவரைப் பார்த்தாய். இத்தனை மாதமும் சதுரங்களாகத் தெரிந்தவர் முழுவதாகத் தெரிந்தார். தோளெலும்பு தெரிந்தது, சேர்ட்டுக்குள் ஆள் இல்லாதது தெரிந்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவர் மூச்சு எடுக்கிறது தெரிந்தது. நீ "அப்பா" என்றாய். பிறகு கமராவில் ஏதோ பிழை என்று சொன்னாய். உன் படம் போய்விட்டது. குரல் மட்டும் கொஞ்ச நேரம் இருந்து, அதுவும் போய்விட்டது. அப்பா போனை என்னிடம் தந்து, "அவன்ரை பக்கம் லைன் பிழை போலை" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் தந்தியும் தொலைபேசியும் பார்த்த மனிதர். லைன் பிழை எது, பிழை இல்லாதது எது என்று அவருக்குத் தெரியும். உனக்காகத்தான் அப்படிச் சொன்னார். அடுத்த ஞாயிறு வேலை என்று குறுஞ்செய்தி வந்தது. அதற்கடுத்த ஞாயிறு, கார் ஓட்டிக்கொண்டு, முகம் காட்டாமல் கதைத்தாய்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. உடைந்த லைன் உனக்கு வசதியாக இருந்திருக்கிறது. அது உடைந்தே இருக்கட்டும் என்று உனக்குள் எங்கேயோ ஒரு விருப்பம் இருந்திருக்கிறது. அதனால்தான் "வைஃபை போதும்" என்று எழுதியிருக்கிறாய். இரக்கமில்லாமல் நீ இதைச் செய்ததாக நான் நினைக்கவில்லை. பயத்தில் செய்தாய். ஆனால் பயம் என்று சொன்னவுடன் என் அருவருப்பு போய்விடவில்லை. மூச்சு வாங்குகிற தகப்பனைப் பார்க்கப் பயம், மூச்சு நின்ற தகப்பனைப் பார்க்க ஆயத்தம். இந்த ஊரில் செத்த வீட்டுக்குப் போய்வந்தவர்கள் இப்போது என்ன கதைக்கிறார்கள் தெரியுமா? லைவ் நல்ல கிளியராக இருந்தது என்கிறார்கள், பிள்ளைகள் குறைவில்லாமல் செய்துவிட்டார்கள் என்கிறார்கள். கடைசி வருடம் செத்தவரோடு ஆராவது முகம் பார்த்துக் கதைத்தார்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்காமல் இருந்தவள்தான்.

உனக்குச் சின்னவயதில் நெருப்புக்காய்ச்சல் வந்தது. நினைவிருக்குமோ தெரியாது. அப்பா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தபாற்கந்தோரிலிருந்து சைக்கிளில் வருவார். சாப்பிடுவதற்கு நேரம் இருக்காது. மருந்து ஒன்றும் கொண்டுவருவதில்லை, அது காலையிலேயே வாங்கியாயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டு உன் அறை வாசலில் நின்று உன்னைப் பார்ப்பார். நீ எலும்பும் தோலுமாய், உதடு வெடித்துப் போய்க் கிடந்தாய். பார்க்கச் சகிக்காது, நானே சில நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் திருப்பவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பச் சைக்கிளில் போய்விடுவார். அப்பா ஏன் வந்தவர் என்று நீ கேட்பாய். உன்னைப் பார்க்க என்பேன். நீ திரும்பவும் கண்ணை மூடிக்கொள்வாய்.

போன கிழமை நிரூபன் சிக்னல் சரியா என்று பார்க்க வந்தான். அப்பா அவனையும் என்னையும் பக்கத்தில் இருத்தி, மூச்சை எடுத்து எடுத்து, ஒரு காரியம் சொன்னார்.

"தம்பி, நீர் சாட்சி. என்ரை செத்த வீட்டிலை கமரா வரக் கூடாது. லைவும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். என்னைப் பாக்க விருப்பமான ஆக்கள், நான் திருப்பிப் பாக்கேக்கை வரட்டும்."

அண்ணை கேட்டால் என்ன சொல்லுறது ஐயா என்று நிரூபன் கேட்டான். அண்ணைக்கு ரீச்சர் எழுதுவா என்று சொல்லிவிட்டு, அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஓம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஊரில் இருக்கிற, மகன் முறையான பெறாமகனுக்கும் சொல்லிவிட்டேன். கொள்ளி வைப்பதைப் பற்றி நீ யோசிக்காதே, அவன் செய்வான். இதை உனக்குத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளாதே. தன் உடம்பை யார் எப்போது பார்க்கலாம் என்று ஒரு மனிதர் சொல்கிறார். அவ்வளவுதான்.

உனக்கும் அங்கே வேலை இருக்கிறது, பிள்ளையின் படிப்பு இருக்கிறது, நினைத்தவுடன் ஏறிவர முடியாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நல்லூர்த் திருவிழாவுக்கு வாறன் என்றாய், பிறகு பிள்ளையின் விடுமுறைக்கு என்றாய், பிறகு குளிர் தொடங்க முதல் என்றாய். ஒவ்வொரு முறையும் அப்பா முடிவெட்டுகிறவரை வீட்டுக்கு வரவழைத்து முகம் வழித்துக்கொண்டார், கட்டுவதற்குப் புதுச் சாரம் எடுத்துவைக்கச் சொன்னார், நீ படுக்க ஹோலில் எந்த இடம் காற்று வரும் என்று என்னோடு வாதாடினார். அதை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. ஆகவே நீ வருகிற திகதியை எனக்கு மட்டும் சொல். நான் அவருக்குச் சொல்ல மாட்டேன். நீ வந்து கட்டிலடியில் நிற்கும்போது அறிந்துகொள்ளட்டும்.

வரமாட்டாய் என்றால், அதை என்னிடம் சொல்லி அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, முகத்தைக் காட்டி, நீயே அவருக்குச் சொல். லைன் இப்போது நன்றாக இருக்கிறது.

அம்மா
உடுப்பிட்டி